'அது வேற விஷயம்' என்று எழுதியிருந்தீர்களே

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 41 வயது, லுங்கி வியாபாரம். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறேன், மனசில் ஒன்றுமே தோன்றுவதில்லை. எனக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, சீட்டு பிடித்து யாரையும் ஏமாற்றினது இல்லை, கடைக் கணக்கு சுத்தம். கிணற்றுப் பங்கில் தகராறாகி அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை, அது வேற விஷயம். நான் எந்த விதத்தில் பாவி? செய்யாத தப்புக்கு வாராவாரம் மன்னிப்புக் கேட்பது பொய் இல்லையா? இரண்டாவது, என் ஒன்பது வயசு மகளுக்கு வலிப்பு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்த ஒரு ஊழியக்காரர் இது முன்னோர் பாவத்தின் சாபம், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருங்கள் என்கிறார். மனைவி பயந்துபோய் இருக்கிறாள். மூன்றாவது, அம்மாவைப் பெத்த எங்க ஆயா கடைசிவரை கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினவர். தெருவில் யார் பசியாக இருந்தாலும் கூப்பிட்டுச் சோறு போடுவார். ஆண்டவரை அறியாமலே போய்விட்டார். அவர் நரகத்திலா இருக்கிறார்?"

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் அவசரம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு வேளைகூட. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கான போதகராக இருந்த ஏழு வருஷத்தில் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிள்ளைகளின் கட்டிலருகே நின்று ஜெபித்திருக்கிறேன், அந்தத் தாய்மார் முகமெல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உபவாசம் இருக்க ஆசை என்றால் நீங்கள் இருங்கள், அந்த ஊழியக்காரரையும் இருக்கச் சொல்லுங்கள், பிள்ளையைப் பட்டினி போடவேண்டாம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

அந்த ஊழியக்காரர் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கிறவர் என்று அதில் வரும். இஸ்ரவேலரும் இதே நினைப்பில் ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள், அப்பன் திராட்சக்காயைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசிப்போச்சு என்று. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க அந்தப் பழமொழியை உடைக்கிற வேலைதான், 20ஆம் வசனத்தில் குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று பட்டென்று போட்டு உடைத்துவிடுகிறது. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள் இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள், இயேசு இரண்டும் இல்லை என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த இரண்டு இடத்தையும் மனைவிக்குத் திறந்து காட்டுங்கள். அந்த ஊழியக்காரர் திரும்பவும் வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், வாக்குவாதத்தில் இறங்கவேண்டாம்.

சரி, இப்போது முதல் கேள்வி.

'நான் எந்த விதத்தில் பாவி' என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். 'பாவியாகிய என்னை' என்று உருகி உருகிச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதே கமிட்டித் தேர்தல் சண்டையை ஆரம்பிக்கிறவர்களை நாற்பது வருஷமாகப் பார்த்துச் சலித்தவன் நான். நீங்கள் சொல்கிற வார்த்தையை யோசித்துச் சொல்லப் பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு பட்டியல். குடி, சிகரெட், சீட்டு, கள்ளக்கணக்கு. எல்லாவற்றுக்கும் நேரே 'இல்லை' என்று போட்டுவிட்டுப் பாஸ் ஆகிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இந்தப் பட்டியலை ஞாயிறு பள்ளியில் உங்களுக்குப் பழக்கிக் கொடுத்ததே நாங்கள்தான், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வேதத்தில் பாவம் என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் பெரும்பாலும் வருவது குறி தவறுதல் என்ற பொருள் கொண்ட சொல். கிரேக்கத்தில் வரும் 'ஹமார்த்தியா'வும் அதே ஜாதிதான். நியாயாதிபதிகள் 20:16இல் இடதுகைப் பழக்கமுள்ள எழுநூறு பேர் ஒரு மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் 'தப்பாமல்' என்கிற இடத்தில் இருப்பது மற்ற இடங்களில் பாவம் என்று மொழிபெயர்க்கிற அதே எபிரெய வினைச்சொல். இதற்குத் தமிழனுக்கு விளக்கமே தேவையில்லை, தப்பு என்கிற ஒரே சொல்லில் நாமும் குற்றத்தையும் குறி தப்புவதையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். குறி எது? முழு இருதயத்தோடும் ஆண்டவரிடத்தில் அன்புகூருவது, உன்னைப்போல் பிறனிடத்தில் அன்புகூருவது. எறிந்த கல் யார் மண்டையையும் உடைக்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்லது. குறியில் பட்டதா என்று வேதம் கேட்கிறது.

அப்புறம் 'பாவம்' என்ற சொல்லையே பாருங்கள். பஸ்ஸில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்கிறோம். குற்றத்துக்கும் அதே சொல், பரிதாபத்துக்கும் அதே சொல். இது ஏதோ தற்செயல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், ஒரு பழைய ஞானோபதேசம் அந்த நினைப்பை மாற்றியது. நம் பக்கத்துச் சபைகளுக்கு அஸ்திவாரம் போட்டது 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், அவர்கள் அமெரிக்காவின் ரிஃபார்ம்ட் சபையைச் சேர்ந்தவர்கள், அந்தச் சபையின் ஞானோபதேசம், அதாவது கேள்வி பதிலாக எழுதின உபதேச நூல், 1563இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் வந்தது. அதன் முதல் பகுதியின் தலைப்பில் 'குற்றம்' என்று போடவில்லை. மனிதனுடைய 'எலெண்ட்' என்று போட்டிருக்கிறார்கள், துன்பநிலை, பரிதாப நிலை. அந்த ஜெர்மன் சொல்லின் வேரைத் தோண்டினால் அந்நிய தேசத்தில் கிடப்பது என்று வருகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட, ஊருக்குப் போன் பண்ணவும் வழியில்லாமல் நிற்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். போனது அவன் தப்பாகவே இருக்கட்டும், கேட்கிறவர் வாயில் முதலில் வருவது 'பாவம்' என்பதுதான். இதை ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லப்போய், ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் 'அப்ப தண்டனையே கிடையாதா ஐயா' என்று மடக்கினார். உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளை பன்றித் தவிட்டுக்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில், முதல் தண்டனை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆதாமின் பாவம் ரத்தத்தில் வருகிறதா, வந்தால் குற்றமும் சேர்ந்து வருகிறதா என்பதெல்லாம் பெரிய சண்டை, பழைய காலத்தில் அகஸ்டின் என்கிற ஆயரும் பெலாஜியு என்கிற துறவியும் தொடங்கியது, 418இல் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய சங்கம் பெலாஜியுவின் போதனையைத் தள்ளியது, கீழைச் சபைகள் அகஸ்டின் சொன்னதை அப்படியே இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் கேள்விக்கு அது அவ்வளவாக உதவாது, விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு உதவுவது எபேசியர் 4:18, 19. தேவனை அறியாதவர்களைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். புத்தியில் அந்தகாரம், இருதயக் கடினத்தினால் வந்த அறியாமை, தேவனுடைய ஜீவனுக்கு அந்நியர், என்று அடுக்கிவிட்டு 'உணர்வில்லாதவர்களாய்' என்று ஒரு சொல் வைக்கிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் வலி இருக்கிறது, வலி தெரியாமல் போனவர்கள் என்று அர்த்தம். நம் பாஷையில் சொன்னால் சொரணை போனவர்கள். திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'கையில சொரணையே இல்ல டாக்டர்' என்று ஆஸ்பத்திரியில் வந்து சொல்வார்களே, அந்தச் சொரணை.

இந்த விஷயத்தில் வேலூருக்கு உலகத்திலேயே ஒரு தனி இடம் உண்டு. 1946இல் பால் பிராண்ட் என்கிற அறுவை சிகிச்சை டாக்டர் இங்கே வந்தார். அப்போதெல்லாம் தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் பொதுவான நம்பிக்கை. அவர் ஒவ்வொரு காயமாக எப்போது வந்தது, எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்தது வேறு. கிருமி கெடுப்பது நரம்பை. சதை நல்ல சதைதான். சொரணை போனதால் அந்த ஆள் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார், ஆணி ஏறின காலோடு பொழுதுக்கும் நடக்கிறார், விரல் அப்படித்தான் போகிறது. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருக்கிறதே, எப்படி என்று காவல் வைத்துப் பார்த்தால், எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்குத் தெரியவே இல்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பது வரலாறு.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். தொழுநோய்தான் பாவத்துக்கு அடையாளம் என்று மேடையில் முழங்குகிற பிரசங்கம் எனக்கு ஆகவே ஆகாது. கரிகிரியில் 1955இலிருந்து தொழுநோய் ஆஸ்பத்திரி நடக்கிற ஊர் நம்முடையது, மருந்து தின்று குணமாகி, பேரன் பேத்தி எடுத்தவர்கள் நம் சபைகளில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் பேசமாட்டோம். நோயை நான் உவமையாக எடுக்கவில்லை. வலி தெரிவது ஒரு வரம் என்று பிராண்ட் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சொரணை போவது உங்களுக்கு மட்டும் வந்த சங்கடம் என்றும் நினைக்காதீர்கள். ராணிப்பேட்டை பக்கம் ஒரு சபைக்கு என்னை மாற்றினபோது, முதல் வாரம் தோல் பதனிடுகிற நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த என் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு 'எப்படி இருக்கீங்க இங்க' என்றாள், 'என்ன நாத்தம்' என்று நான் கேட்டேன்! பாலாற்றுக் கரைக் கிணறுகள் கெட்டதற்கு உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், கெடுத்தவனே செலவைக் கட்டவேண்டும் என்று 1996இல் தீர்ப்பும் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் அத்தனை பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தோம், தோல் வேலையில் பிழைத்தவர்கள், செருப்பு போட்டவர்கள், காணிக்கை வாங்கின நாங்கள் உட்பட. அதில் யாரும் தனியாகக் கொலை செய்யவில்லை. எல்லார் பட்டியலும் சுத்தம்.

தொழுநோய்ச் சோதனையில் டாக்டர் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் இங்கே அங்கே தொட்டு 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்பார். தெரியவில்லை என்று எந்த இடத்தில் சொல்கிறீர்களோ அங்கேதான் குறித்துக்கொள்வார். உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். மகளைப் பற்றி எழுதின இடத்தில் துடிக்கிறீர்கள். ஆயாவைப் பற்றி எழுதும்போது கையெழுத்தே மாறியிருக்கிறது, சோறு போட்டதை மட்டும் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள், நான்தான் சுருக்கிவிட்டேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவரோடு ஆறு வருஷம் பேச்சில்லை என்கிற இடத்தில் மட்டும் 'அது வேற விஷயம்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நான் எந்த விதத்தில் பாவி என்று கேட்கிறீர்கள்.

கிணற்று விஷயத்தில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. முழுக்க உங்கள் பக்கமே இருக்கலாம். மோட்டார் கனெக்ஷனை அவர் தன் பேரில் மாற்றிக்கொண்டிருக்கலாம், உங்கள் முறையன்று தண்ணீர் விடாமல் உங்கள் மல்லாட்டை காய்ந்திருக்கலாம், வயிறு எரிந்திருக்கும். முதல் வருஷம் வலித்திருக்கும், தெருவில் அவரைப் பார்த்தால் நெஞ்சு படபடத்திருக்கும். இப்போது படபடப்பதில்லை, இல்லையா? அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தேவனை அறியாமை என்றாலும் இதுதான். வேத வினாடி வினாவில் தோற்கிற சமாச்சாரம் இல்லை அது. ஆதாம் ஏவாளை அறிந்தான் என்று ஆதியாகமத்தில் வருகிறதே, அந்த மாதிரி அறிதல், கூட இருந்து அறிவது. தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு நக்கலாகவே எழுதுகிறார். எரேமியா 22:16இல், எளியவனுடைய நியாயத்தை விசாரித்தானே ஒரு ராஜா, 'அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு' என்று கர்த்தர் கேட்கிறார். கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று 1 யோவான் 4:20 உங்களை வைத்தே எழுதின மாதிரி இருக்கும், போய்ப் படியுங்கள். என்னையும் வைத்துத்தான்.

பாவ அறிக்கை பொய்யா என்று கேட்டீர்கள். அந்த ஜெபத்தில் 'நான்' என்று வராது, 'நாங்கள்' என்றுதான் வரும், கவனித்தீர்களா? அதிலும் பழைய ஆராதனை முறையில் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்பதுதான் முதலில், செய்யக்கூடாததைச் செய்தோம் என்பது அப்புறம். உங்கள் பட்டியலில் செய்யாமல் விட்டது என்று ஒரு பத்தியே கிடையாது. இந்த ஞாயிறு அந்த வரி வரும்போது சொல்லாதீர்கள், வாயை மூடிக்கொண்டு சும்மா நில்லுங்கள். சபை உங்களுக்காகச் சொல்லட்டும். மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும் என்று தாவீது கேட்டாரே, தனக்கே தெரியாததைப் பற்றி, அதை மனசுக்குள் கேட்டுக்கொண்டால் போதும். அழுகை வரவேண்டும் என்று முக்கிக்கொண்டு நிற்கவேண்டாம். மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பித்தால் முதலில் குத்தும், அப்போது தெரியும்.

இனி ஆயா. சபைகளே இதில் ஒரே பதில் சொல்வதில்லை. கிறிஸ்துவில் விசுவாசம் இல்லாமல் வழியில்லை என்று ஒரு பக்கம் அழுத்திச் சொல்கிறது. தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல் போனவர்களும், மனசாட்சியின்படி தேவனைத் தேடினால் இரட்சிப்பை அடையக்கூடும் என்று கத்தோலிக்கச் சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1964இல் எழுதி வைத்தது. நான் என்ன நினைக்கிறேன் என்றால், அந்த நாற்காலி என்னுடையது இல்லை. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டான், அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்று லூக்கா 12இல் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் கவலைப்படவேண்டியது ஆயாவைப் பற்றி இல்லை, முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாம் கேட்ட உங்களைப் பற்றி. இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேரோ என்று ஒருவன் கேட்டபோதும் இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை, நீ இடுக்கமான வாசலில் நுழையப் பாடுபடு என்று அவன் பக்கமே திருப்பிவிட்டார். சிலுவையில் தொங்கும்போது, 'தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே' என்று அறியாமையைக் காட்டித்தான் மன்னிப்பே கேட்டார். தெருவுக்கே சோறு போட்ட கிழவிக்காக அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போங்கள். மத்தேயு 5:23ஐ நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள், உனக்கு அவன்மேல் குறை உண்டென்று என்று அதில் இல்லை, 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' என்றுதான் இருக்கிறது, அதனால் யார் முதலில் பேசுவது என்கிற கேள்வியே எழாது. ஆயரையோ ஊர்ப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். பத்திரம், பட்டா எதுவும் கையில் வேண்டாம். கிணற்றுப் பேச்சை அவரே எடுத்தாலும் 'அதை இன்னொரு நாள் பேசலாம் அண்ணா' என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தினால் அடுத்த மாதம் திரும்பப் போங்கள். மகளுக்கு வலிப்பு வருகிறது என்று அவள் பெரியப்பாவுக்குத் தெரியுமா? மூன்று வயசில் பார்த்த பிள்ளை. அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாயங்காலமாகப் போனால் நல்லது, ராத்திரி மாத்திரை நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.